மதிவாணன் சாரின் ஆன்டிபாடி

எங்கள் லேபில் அதற்குத் தீர்த்தம் என்று பெயர். பேராசிரியர் மதிவாணனின் காதுபட யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். அது இருக்கிற ஃப்ரீசரை அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. அவரே எடுப்பார், அவரே பிப்பெட்டில் உறிஞ்சுவார், குழாயை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற எங்களுக்கு ஆளுக்கொரு துளி விடுவார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

லேப் இருப்பது காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில். என் பெயர் அன்புசெல்வி. வீராம்பட்டினத்துப் பெண். அப்பா வடிவேல் கடலுக்குப் போகிறவர், அம்மா அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். இந்த இரண்டு பேருக்கும் நான் என்ன படிக்கிறேன் என்று புரியவைக்கவே எனக்கு முதல் வருஷம் போய்விட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிற செல்களின் மேல்தோலில் ஒரு பூட்டு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஏற்பி, லேபில் ரிசெப்டார். ரத்தத்தில் ஓடிவரும் ஒரு பொருள் சாவி மாதிரி அதில் நுழைந்தால் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். பிரஷருக்கு ஊரே விழுங்குகிற மாத்திரைகளில் ஒரு வகை, அந்தச் சாவித்துளையை அடைக்கிற வேலையைத்தான் செய்கிறது. இந்தப் பூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. அதில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளை விட்டு, அது எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு ஒட்டுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அந்தப் பொருள்தான் ஆன்டிபாடி. பூட்டின் ஒரு துண்டைச் செய்து முயலுக்கு ஊசி போட்டால், முயலின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து ஆன்டிபாடியைச் சுரக்கும். மதிவாணன் சார் பிரான்சில் படித்துவிட்டுத் திரும்பிய புதிதில் அப்படி ஒரு முயலிடம் வாங்கியதுதான் தீர்த்தம். வெளிநாட்டுச் சரக்கு வந்து சேர மாசக்கணக்கில் ஆகிற காலம் அது. உள்ளூர் முயலின் சாதனை என்று பேப்பரில் அவர் படம் வந்தது. முயலின் படம் வரவில்லை.

அந்தத் துளியை அவர் யாருக்கும் விற்றதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாட்டில் எந்த லேப் கேட்டாலும் ஐஸில் வைத்து அனுப்புவார். கைமாறாக, அதைப் பயன்படுத்தி எழுதுகிற கட்டுரையில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம். அவர் போயே இராத ஊர்களில், பார்த்தே இராத ஆட்கள் செய்த சோதனைகளில் எல்லாம் மதிவாணன் என்ற பெயர் இருக்கும். அதில் ப்ரொமோஷன் வந்தது, விருது வந்தது, டெல்லி கமிட்டியில் நாற்காலி வந்தது. ஒரு முயல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

தீர்த்தம் என்றால் சிக்கனமாகத்தானே செலவழிக்க வேண்டும்? அதற்கும் லேபில் ஒரு முறை இருந்தது. செல்லை நசுக்கி, அதில் இருக்கிற புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்கிற வெள்ளைத் தாளில் பதிய வைப்போம், லேப் பேச்சில் அதற்கு ஓட்டுவது என்று பெயர். உள்ளங்கை அகலம் இருக்கும். முழுத் தாளையும் நனைக்க ஆன்டிபாடி நிறைய வேண்டும். அதனால் எங்கள் பூட்டு எந்த எடையில் வருமோ அந்த இடத்தை மட்டும் பிளேடால் ரிப்பன் மாதிரி வெட்டி எடுத்து, அதை மட்டும் துளியில் நனைப்போம். மீதியைக் குப்பைக் கூடையில் போடுவோம். ரிப்பனில் கறுப்பாக ஒரு வரி வரும். அதுதான் பூட்டு. நான் சேர்ந்த முதல் வாரமே சீனியர் கவிநிலா அக்கா எனக்கு இந்த வெட்டைச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அவள் சீனியர் சொல்லிக்கொடுத்தது. நான் பிறகு என் ஜூனியர் செல்வகுமாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முழுத் தாளை நனைத்தால் என்ன தெரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. வீட்டில் மீன் அரியும்போது செவுளைத் தூக்கிப்போட்டுவிட்டு அதைப் பற்றி யோசிக்கிறோமா என்ன.

என் ஆராய்ச்சி என் ஊரைப் பற்றியதுதான். கடலுக்குப் போகிற சனங்களுக்கு பிரஷர் அதிகம் வருகிறது, ரத்தத்தில் ஓடுகிற செல்களிலும் இந்தப் பூட்டு உண்டு, அது அவர்களுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. யோசனை சாருடையது. வீராம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் கையில் கிடைத்தால் வேறென்ன யோசனை வரும்? அம்மன் கோயில் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டோம். ஊசி என்றாலே ஓடுகிற ஆம்பிளைகள் அஞ்சலாட்சி மகள் கேட்கிறாளே என்று கையை நீட்டினார்கள். ரத்தத்தை ஐஸ் டப்பாவில் வைத்து, பஸ் மாறி, டவுனைக் கடந்து காலாப்பட்டுக்குக் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்தால் எங்கள் சனத்துக்கு வரி தடிமனாக வந்தது, டவுன்காரர்களுக்கு மெலிசாக. அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊருக்குப் போய், உங்களுக்குப் பூட்டு அதிகம், அதனால்தான் பிரஷர் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

ஊர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யாருக்காவது கோபம் வந்தால் பூட்டு ஏறிப்போச்சு என்றார்கள். என்னைப் பூட்டுக்காரி என்றார்கள். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். உப்பைக் குறை, கருவாட்டைக் குறை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதற்கெல்லாம் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம்ம சனத்து ஒடம்பே அப்படி, கருவாடு இன்னா பண்ணும் என்று தட்டை நீட்டினார். மாத்திரையை நினைத்தால் போட்டுக்கொண்டார், நினைக்காவிட்டால் இல்லை. ஆடித் தேரின்போது மாமா ராஜவேல் வைத்த பேனரில் என் படத்தின் கீழே முனைவர் என்று அடித்திருந்தது. இன்னும் வாங்கலியே மாமா என்றேன். வாங்கத்தான போற என்றார்.

வாங்கத்தான் போனேன். தீசிஸ் கொடுக்க ஒரு கட்டுரையாவது பத்திரிகைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது விதி. அனுப்பினோம். பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் வெட்டிய ரிப்பன் போதாது, முழு மெம்பிரேனின் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள். ஊர் ஊராக ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால் எல்லாரிடமும் கேட்கிறார்கள். சார் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக்கொடுத்தார்.

லேபின் சரித்திரத்தில் முதல் தடவையாக நான் வெட்டாமல் நனைத்தேன். படம் கம்ப்யூட்டரில் மெல்ல ஏறி வந்தது. மேலிருந்து கீழ்வரை வரிகள். வஞ்சிரத்துக்கு விட்ட வலையில் வஞ்சிரத்தைத் தவிர சகலமும் மாட்டி வந்த மாதிரி இருந்தது. எங்கள் வரியும் அதில் ஒன்று, அவ்வளவுதான். அதைவிடத் தடிமனாக மேலே மூன்று இருந்தன. பக்கத்தில் நின்ற செல்வகுமார் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், அதிகம் பேச மாட்டான். கழுவுனது பத்தலியாக்கா என்று மட்டும் கேட்டான். ஒட்டாமல் தங்கிய ஆன்டிபாடி போகட்டும் என்று மறுபடி கழுவினோம். மறுபடி ஓட்டினோம். அதே கூட்டம்.

நிறைய வரி வருவதாலேயே ஆன்டிபாடி பொய் என்று ஆகிவிடாது. நம் பூட்டிலும் அது ஒட்டலாம், கூடவே வேறு நாலு இடத்திலும் ஒட்டலாம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. அந்தப் பூட்டே இல்லாத ஒரு உடம்பில் சோதிக்க வேண்டும். பூட்டுக்கான ஜீனையே எடுத்துவிட்டு வளர்க்கிற சுண்டெலிகள் உண்டு. அவற்றில் வரி வரக்கூடாது. வந்தால், அது வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். கவிநிலா அக்கா இப்போது பெங்களூரில் இருந்தாள், அவள் லேபில் அந்த எலி இருந்தது. கேட்டேன். சாதாரண எலியின் சிறுநீரகம் ஒன்று, ஜீன் இல்லாத எலியின் சிறுநீரகம் ஒன்று, இரண்டையும் உறைய வைத்து அனுப்பினாள்.

பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினேன். இரண்டிலும் வரி வந்தது. தடிமன்கூட மாறவில்லை. அந்த முயல் எங்கள் பூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி கொடுத்திருந்தது.

   பிறகு உட்கார்ந்து யோசித்தால், எங்கள் சனத்துக்கு மட்டும் வரி தடிமனாக வந்ததற்கும் காரணம் கிடைத்தது. டவுன்காரர்களின் ரத்தத்தை நிலையத்திலேயே எடுத்து உடனே பிரித்தோம். எங்கள் ஊர் ரத்தம் பஸ்ஸில் வெயிலில் குலுங்கி வந்தது, செல்கள் பாதி உடைந்துபோயிருந்தன. உடைந்த செல்லில் கண்டதும் வெளியே வரும், கண்டதிலும் தீர்த்தம் ஒட்டும். நான் ஊரெல்லாம் சொன்ன பூட்டு, பன்னிரண்டு மைல் பஸ் குலுக்கல்.

படத்தை சாரின் மேஜையில் வைத்தேன். அவர் அப்பா பிரெஞ்சு சர்க்காரின் பென்ஷன் வாங்கியவர், வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சுதான். திகைத்தால் ‘மோன் தியூ’ என்பார், கடவுளே என்று அர்த்தம். அன்றும் முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு, பெங்களூரில் எலியை மாற்றி அனுப்பியிருப்பார்கள் என்றார். எலியின் ஜீனைச் சரிபார்த்த படத்தையும் எடுத்து வைத்தேன். அடுத்து, நான் தாளை மாற்றி வைத்திருப்பேன் என்றார். செல்வகுமார் தனியாக ஓட்டிய படத்தையும் வைத்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில், பெற்ற பெண்ணிடம் பேசுகிற மாதிரி பேசினார். இந்தப் பத்திரிகையிலிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாம். முழுப் படம் கேட்காத பத்திரிகைகள் எத்தனையோ இருக்கின்றன. தீசிஸைக் கொடு, வைவா முடியட்டும், டாக்டராகு. அப்புறம் ஊருக்கே தண்டோரா போடு, நானும் கூட வருகிறேன்.

நான் மறுத்தது நல்லவள் என்பதால் இல்லை. எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் வாயில் வந்தது இதுதான்.

“எங்க ஊருல ரத்தம் குடுத்தவங்ககிட்ட நான் என்னா சார் சொல்றது?”

“அவங்க வந்து உன் தீசிஸைப் படிக்கப் போறாங்களா?” என்றார்.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் ஒன்றை முடிவு செய்தேன். பட்டம் வேண்டும், ஆனால் இந்தப் பூட்டை வைத்து வேண்டாம். வாங்கினால் இந்தத் தப்பைக் கண்டுபிடித்ததற்காக வாங்குகிறேன். ஆன்டிபாடி எதைப் பிடிக்கவில்லை, எதைப் பிடிக்கிறது, எத்தனை பேர் இதை நம்பி எழுதியிருக்கிறார்கள் என்பதே ஒரு தீசிஸுக்குப் போதும். பட்டத்துக்குப் பதிந்த காலம் முடிந்துவிட்டால் தீசிஸ் கொடுக்க முடியாது, அந்தப் பதிவுக் காலம் முடிய இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

ஊருக்கும் போய்ச் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. மண்டபத்தில் கூட்டவா முடியும்? வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடமும் மார்க்கெட்டில் அம்மா பக்கத்துக் கடைக்காரிகளிடமும் சொன்னேன். நான் சொன்ன பூட்டுக் கணக்கு தப்பு, உப்பைக் குறையுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, பாவம், படிப்புல எதோ கொழப்பம் போல என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். அப்பா சிரித்தேவிட்டார்.

“மொதல்ல அந்தப் பட்டத்த வாங்கியா. டாக்டரா வந்து சொல்லு, கேக்கறோம்.”

பொய்யைச் சொல்ல அவர்களுக்கு நான் அஞ்சலாட்சி மகளாக இருந்தது போதும். உண்மையைச் சொல்ல மட்டும் முனைவராக வேண்டியிருந்தது.

சரி, வாங்கிவிட்டே சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். லேபில் எனக்குத் தீர்த்தம் நின்றுபோனது, குழுக் கூட்டத்தில் என் பெயர் கூப்பிடப்படவில்லை. அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். சாருக்குத் தெரியாமல் ஒரு குழாயை என் பெட்டியில் வைத்துவிட்டுப் போவான் செல்வகுமார். பக்கத்து லேபில் இருந்த, புரதத்தை அடையாளம் காட்டுகிற ஒரு கருவியில் தாளின் அந்த வரியையே வெட்டிக் கொடுத்து அது என்ன புரதம் என்று பார்த்தேன். பூட்டுக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லாத, செல்லுக்குள் சும்மா கிடக்கிற ஒரு புரதம். நாடு முழுக்க இதயநோய்க் கட்டுரைகளில் இத்தனை வருஷமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது அதுதான். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, பசி வந்தது. கான்டீனுக்குப் போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். நான் செய்த வேலைகளில் அதுவே நல்ல வேலை என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் எழுதி சாரிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? எங்கள் தொழிலில் கைடின் பெயர் இல்லாமல் ஒரு வரி வெளியே போகக் கூடாது, அவர் கையெழுத்து இல்லாமல் தீசிஸ் நகராது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று டிராயரில் வைத்தார். படங்கள் எப்போதும்போல லேபின் பொதுக் கம்ப்யூட்டரில் இருந்தன. வாரங்கள் போயின. கேட்கும்போதெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். பதிவுக் காலம் முடியப்போவதை நினைவூட்டினால், தெரியும்மா என்பார்.

இந்த இடைவெளியில் நடந்தது ஒன்று உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது, பிறகு செல்வகுமார் சொல்லித்தான் தெரியும். பிரான்சில் சாருக்குப் பழக்கமான ஒரு லேபுக்குத் தீர்த்தம் போயிருக்கிறது. அவர்கள் கட்டுரையில் சாரின் பெயரைப் போடுவதற்கு முன்னால் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற ஆட்கள். இது பூட்டில் ஒட்டவில்லை, நாங்கள் இதை வெளியிடப் போகிறோம், உங்கள் விளக்கம் என்ன என்று சாருக்கு மரியாதையாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து சார் நடையே மாறிவிட்டது. தினம் செல்வகுமாரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் தீசிஸைத்தான் படிக்கிறார்கள் என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால், பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே இதயநோய் ஆராய்ச்சியாளர்களின் மாநாடு. முக்கிய உரை மதிவாணன் சார். தலைப்பை இரண்டு தடவை படித்தேன். விஞ்ஞானி தன் தவறை ஒப்புக்கொள்வது பற்றி.

நல்ல பேச்சு. அதையும் சொல்லியாக வேண்டும். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. இத்தனை வருஷம் நான் நம்பிய ஒன்றை நானே என் கையால் உடைத்தேன் என்றார். திரையில் என் மெம்பிரேன் வந்தது. வலது மூலையில் இடுக்கி பட்டுக் கீறிய இடம்கூட அப்படியே இருந்தது. அடுத்து, ஜீன் இல்லாத எலி. அடுத்து, செல்லுக்குள் சும்மா கிடக்கிற அந்தப் புரதம். கட்டுரை அந்த வாரமே வெளியாகியிருந்தது, பிரான்ஸ்காரர்களுக்கு முன்னால். முதல் பெயர் செல்வகுமார். நடுவில் எலி கொடுத்ததற்காகக் கவிநிலா. கடைசியில் சார். அடியில் நன்றி சொல்கிற பொடி எழுத்தில் தொழில்நுட்ப உதவி என்று நான். பேச்சு முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இப்படி ஒரு நேர்மையா என்று எனக்குப் பக்கத்திலிருந்த சென்னை டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருந்தால் முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

செல்வகுமார் என் கண்ணில் படாமல் தூணுக்குத் தூண் ஒதுங்கினான். பிடித்து நிறுத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“வேணாம்னுதாங்கா சொன்னேன். அப்ப என் தீசிஸ்லயும் கையெழுத்து இல்லன்னுட்டாரு. எனக்கு ரெண்டு தங்கச்சிக்கா.”

அறைந்திருப்பேன். அவன் தங்கச்சிகளை எனக்குத் தெரியும், பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். கையை இறக்கிக்கொண்டேன். கவிநிலா அக்கா போனில் அழுதாள். கட்டுரையில் என் பெயர் முதலில் இருக்கும் என்று நினைத்துத்தான் சம்மதம் சொன்னாளாம். சம்மதக் கடிதத்தில் மற்றவர் பெயர்களைப் பார்க்கவில்லையாம். அவள் அழுததை நம்பினேன். பார்க்கவில்லை என்றதை நம்பவில்லை.

மறுநாள் காலை சாரின் அறைக்குப் போனேன். மேஜைமேல் மாநாட்டில் போர்த்திய சால்வை மடித்து வைத்திருந்தது. உட்காரச் சொன்னார். காபி சொல்லட்டுமா என்றார். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அவராகவே பேசினார். என் பெயரைக் கட்டுரையில் போடாதது என் நல்லதுக்குத்தான். போட்டிருந்தால், ஆன்டிபாடி தப்பு என்று சொல்கிறவளே அந்த ஆன்டிபாடியை வைத்து எப்படித் தீசிஸ் எழுதினாள் என்று தேர்வாளர்கள் கேட்பார்களே. இத்தனை அழகாக ஒருவரைக் கொள்ளையடிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“அப்ப நான் குடுத்த புது சாப்டர்?” என்றேன்.

அது இப்போது செல்வகுமாரின் தீசிஸ். வெளியான வேலையை இரண்டு பேர் கொடுக்க முடியாது, விதி என்றார்.

சரி, என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீம்பெல்லாம் வடிந்துபோயிருந்தது. பதிவுக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. பழைய தீசிஸாவது இருக்கிறது, ஊர் ரத்தத்தை வைத்து எழுதியது, அவரே கொடு கொடு என்று சொன்னது. பையிலிருந்து அதை எடுத்து, கையெழுத்துப் போடுகிற பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு எந்த உண்மையும் வேண்டியிருக்கவில்லை. பட்டம் வேண்டும். அதை வாங்கிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“இதுல எப்படிம்மா நான் கையெழுத்துப் போடுவேன்? இதுல இருக்கிறதெல்லாம் தப்புன்னு நேத்து மேடையில நின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?”

சுவரில் அவர் பட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தன, விருதுகள் கண்ணாடி அலமாரியில். எல்லாம் அதே முயல் கொடுத்தவை. நான் அவற்றைப் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“அப்ப இதெல்லாம் சார்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே எனக்குப் புரியவைக்க விரும்புகிறவர்போல முன்னால் சாய்ந்தார்.

“அதெல்லாம் நான் தெரியாம செஞ்சது அன்பு. நீ தெரிஞ்சுக்கிட்டியேம்மா.”